டிராகன் எந்தப் பக்கம் பார்க்கிறது?

கணிப்பொறி விளையாட்டு என்றதும், கைவேகம் உள்ளவனே வெல்வான் என்று நாம் எண்ணுகிறோம். இது முழுவதும் சரியன்று. அமெரிக்காவின் பிளிஸ்ஸார்ட் நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் இணைய விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் பலர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, ஒன்றுகூடிப் போரிடுகின்றனர். எதிரியை எங்கே, எத்திசை நோக்கி நிறுத்துகிறோம் என்பதே இங்கு வெற்றியைப் பெரிதும் முடிவு செய்கிறது. அதில் அறிவியல் எவ்வளவு உண்டு என்று பார்ப்போம்.

ஒனிக்ஸியா என்றொரு டிராகன். விளையாட்டின் மூல வடிவில் 40 பேர் வரை சேர்ந்து இதை எதிர்த்தனர். இதன் வாயிலிருந்து கிளம்பும் நெருப்பு முன்புறம் கூம்பாக விரிகிறது. வாலோ பின்னால் நிற்பவரைத் தூக்கி எறிகிறது. அவர் ஓரத்து முட்டைக் குகைகளில் விழுந்தால் குட்டிகள் கூட்டமாக வெளிவரும். ஆகவே விலாப்பக்கமே தக்க இடம். ‘டேங்க்’ எனப்படும் கவசவீரர் மட்டும் முன்னால் நின்று, டிராகனின் முகம் மற்றவர்கள் பக்கம் திரும்பாமல் காக்கிறார். அடிபட்டுப் பின்னால் வீசப்படாதிருக்க, அவர் சுவரையொட்டி நிற்பது வழக்கம். டிராகன் ஒருமுறை திரும்பினால் போதும், அத்தனை பேரின் உழைப்பும் சாம்பல்தான்!

டிராகன் யாரை நோக்கித் திரும்பும்? ஒவ்வொருவர் மீதும் அதற்குள்ள பகைமையை நிரல் எண்ணாகக் குறித்து வைக்கிறது. டேங்க்கின் எண்ணை அருகில் நிற்பவர் 10 விழுக்காட்டுக்கு மேலும், தொலைவில் நிற்பவர் 30 விழுக்காட்டுக்கு மேலும் விஞ்சினால் அது அவர் பக்கம் திரும்பிவிடும். ஆகவே வலிமையைக் காட்டுவதிலும் ஓர் அடக்கம் வேண்டும்.

இன்னோர் உத்தியும் உண்டு. தொலைவில் நின்று மந்திரம் ஏவும் எதிரிகளை எப்படி அருகே வரவழைப்பது? வீரர் ஒரு சுவரின் மூலைக்குப் பின்னால் மறைந்துகொள்கிறார். பார்வைக்கோடு தடைப்பட்டால் மந்திரம் செல்லாது. எனவே அவை தாமே நெருங்கி வருகின்றன. ஒளி நேர்கோட்டில் செல்வதால் நிழல் விழுகிறது என்று படித்தோமே, அந்தப் பாடம்தான் இது. இப்படிக் கூடிய எதிரிகள் மீது, 8 கஜ ஆரமுள்ள வட்டத்தில் பாயும் தாக்குதலை ஏவலாம். அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 201 சதுர கஜம். ஆரம் பாதியானால் பரப்பு கால்பங்காகிவிடும். இந்த வடிவகணிதத்தில் குறை காண முடியாது.

குறை இயக்கவியலில் இருக்கிறது. பத்து அரக்கர்கள் ஒரே புள்ளியில் ஒருவர்மேல் ஒருவர் நிற்க முடிகிறது. ஒரு பொருள் இருக்கும் இடத்தில் மற்றொன்று இருக்க முடியாது என்ற விதி இங்கில்லை. மலைபோன்ற டிராகன் நொடிப்பொழுதில் திரும்பிவிடுகிறது. உண்மையில் ஓர் உடலின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டித்தால் நிறை 8 மடங்காகும். நிலைமத் திருப்புத்திறனோ 32 மடங்காகும். அத்தகைய உடலைத் திருப்புவதும் அரிது, திரும்பியதை நிறுத்துவதும் அரிது. இந்த நிலைமம் விளையாட்டில் இருந்திருந்தால், டிராகன் திரும்பத் தொடங்கியதுமே விலகி ஓட நேரம் கிடைத்திருக்கும். போரின் நுட்பமும் கூடியிருக்கும். நாற்பது பேர் நெருங்கி நிற்க வசதி வேண்டுமென்று செய்த ஏற்பாடு என்று இதற்குச் சமாதானம் கூறலாம். வசதி வேறு, இயற்கை வேறு அன்றோ?

இதை வீண்பொழுது என்று முற்றும் ஒதுக்குவோரும், திரையில் கண்டதெல்லாம் மெய் என்று நம்புவோரும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றனர். இருவருமே ஆராய்ந்து பார்ப்பதில்லை. மாணவ நண்பரே, அடுத்த முறை விளையாடும்போது அருகில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். கூம்பையும் வட்டத்தையும் வரைந்து, எங்கே நிற்கலாம் என்று குறியுங்கள். பிறகு, எந்த விதி இங்கே மீறப்படுகிறது என்றும் எழுதுங்கள். முதல் வேலை உங்களுக்கு வெற்றி தரும். இரண்டாவது இயற்பியல் தரும்.