பான் நகரின் சட்டமும் விருத்தாசலத்தின் ஒற்றை இடமும்

2006 சட்டமன்றத் தேர்தலில் தே.மு.தி.க. ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளிலும் தனித்து நின்று 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாக்கு வாங்கியது. கிடைத்தது ஒரே இடம்: பீங்கான் பொம்மைக்குப் பேர்போன விருத்தாசலம். அங்கே வென்றவர் கட்சித் தலைவர் விஜயகாந்த். ஐந்தாண்டு கழித்து அ.தி.மு.க. கூட்டணியில் சேர்ந்தபோது வாக்கு 7.9 விழுக்காடாகச் சரிந்தது, இடங்களோ 29. கூட்டணிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. வாக்கை வேறு விதமாக எண்ணலாம் என்று எண்ணிப் பார்த்தவர்களைத் தேடினால், போரில் தோற்று நின்ற ஜெர்மனிக்குப் போக வேண்டியிருக்கிறது.

புதிய அரசமைப்பான அடிப்படைச் சட்டத்தை எழுத 1948 செப்டம்பர் 1 அன்று பான் நகரில் 65 பேர் கூடினார்கள். அவர்களில் பெண்கள் நால்வர். தலைமை கொன்ராட் அடெனாவர். நாட்டின் மேற்குப் பகுதி அப்போது அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு ஆளுகையில் இருந்தது. ஆனால் அவையில் எல்லார் மனத்திலும் உட்கார்ந்திருந்தது பழைய வைமார் குடியரசுதான். அதில் கட்சிக்காரர்கள் ஆளும் அரசைக் கவிழ்க்கக் கைகோப்பார்கள், மாற்று அரசு அமைக்க மாட்டார்கள். குடியரசுத் தலைவர் வைமார் அரசமைப்பின் 48ஆம் பிரிவின்கீழ் அவசர ஆணை போட்டே ஆட்சியை நகர்த்துவார். அந்த ஓட்டை வழியாகத்தான் ஹிட்லர் வந்தார். ஆகவே அடுத்த சான்சலரைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பவரை இறக்க முடியாது என்று புதிய சட்டத்தின் 67ஆம் பிரிவில் எழுதினார்கள். ஜெர்மனி சரணடைந்து சரியாக நான்காண்டு கழித்து, 1949 மே 8 அன்று, 53க்கு 12 என்ற வாக்கில் சட்டம் நிறைவேறியது. தேர்தல் முறை தனிச் சட்டமாக வந்து 1953இல் தெளிவான உருவம் பெற்றது: தொகுதி வேட்பாளருக்கு ஒரு வாக்கு, கட்சிப் பட்டியலுக்கு ஒரு வாக்கு. கட்சியின் மொத்த இடங்களை இரண்டாம் வாக்கே முடிவுசெய்யும். 5 விழுக்காடு எட்டாத கட்சிக்குப் பங்கில்லை. மூன்று தொகுதிகளிலாவது வென்ற கட்சிக்கு மட்டும் விலக்கு என்பது பின்னர் நிலைபெற்றது.

அதே மாதங்களில் டெல்லியிலும் அரசியல் நிர்ணய சபை உட்கார்ந்திருந்தது. நெருக்கடிநிலைப் பிரிவுகள் விவாதத்துக்கு வந்தபோது எச்.வி. காமத் வைமாரைச் சுட்டி எச்சரித்தார். விகிதாசாரப் பிரதிநிதித்துவம் கேட்டுக் காஜி சையது கரீமுதீன் கொண்டுவந்த திருத்தத்தை அம்பேத்கர் ஏற்கவில்லை: எழுத்தறிவு போதாது, சபை சிதறும் என்றார். அன்றைக்கு அது நியாயமான அச்சம். ஆனால் 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 23 விழுக்காட்டுக்கு மேல் வாங்கிய தி.மு.க.வுக்கு 39இல் ஓர் இடமும் இல்லை என்பதை எழுத்தறிவைக் காட்டி விளக்க முடியாது.

பானிலிருந்து நமக்கு நேராக வந்து சேர்ந்தது வேறொன்று. அடிப்படைச் சட்டத்தின் 79ஆம் பிரிவு சில கொள்கைகளைத் திருத்தத்துக்கு அப்பால் வைத்தது. ஹைடல்பர்க் அறிஞர் டீட்ரிஷ் கொன்ராட் 1965இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில், திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த எல்லை உண்டா என்று பேசினார். கோலக்நாத் வழக்கில் வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் அந்த வாதத்தை உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்துப் போனார். அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்த முடியாது என்ற 1973 கேசவானந்த பாரதி தீர்ப்பில் நீதிபதி கன்னா கொன்ராடைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். இந்தத் தடத்தை ஏ.ஜி. நூரானி விரிவாக எழுதியிருக்கிறார். நீதிமன்ற வழியாக வந்ததை ஏற்றுக்கொண்டோம். வாக்கு எண்ணும் முறையோ கட்சிகளின் கையில் இருப்பது. இருக்கும் முறையில் ஜெயித்தவர்கள் அதை மாற்றுவார்களா?

1999இல் நீதிபதி ஜீவன் ரெட்டி தலைமையிலான சட்ட ஆணையம் தன் 170ஆம் அறிக்கையில் மக்களவையை 25 விழுக்காடு விரித்து, அந்த இடங்களைப் பட்டியல் முறையில் நிரப்பலாம் என்றது. 5 விழுக்காட்டு வரம்பையும் சேர்த்தது. அது நடக்கவில்லை. வாக்கு விகிதத்தை மட்டும் வைத்து 2006 தேர்தலைக் கணக்கிட்டால் விருத்தாசலத்தாரோடு இன்னும் 18, 19 பேர் சபைக்குப் போயிருப்பார்கள். இது தோராயக் கணக்கு என்பதையும் சொல்ல வேண்டும். முறை மாறினால் கூட்டணியும் வாக்காளர் மனமும் மாறிவிடும்.

வரம்பும் குற்றமற்றதல்ல. 2025 ஜெர்மன் தேர்தலில் 4.98 விழுக்காடு வாங்கிய சாரா வாகன்க்னெஷ்ட் கட்சி வெளியே நின்றது. எந்த மாதிரிக் கட்சிக்கு அஞ்சிப் பான் சட்டம் எழுதப்பட்டதோ, அந்த மாதிரியான தீவிர வலதுசாரிக் கட்சி 20 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி உள்ளே அமர்ந்தது. முறையை மாற்றுவதிலும் சிக்கல் உண்டு. இலங்கை 2018 உள்ளூராட்சித் தேர்தலைத் தொகுதியும் பட்டியலும் சேர்ந்த கலப்பு முறையில் நடத்தியது. உறுப்பினர் எண்ணிக்கை 8,000ஐத் தாண்டியது, பல சபைகளில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. மாகாண சபைகளுக்கும் கலப்பு முறை என 2017இல் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றமே நிராகரித்தது. பழைய முறைக்கும் திரும்ப முடியாமல், அந்த அக்டோபரில் காலம் முடிந்த வட மாகாண சபைக்கு ஆண்டுக்கணக்கில் தேர்தல் தள்ளிப்போயிற்று.