ஒழுகும் கூரையும் ஒதுங்கும் சட்டமும்

குடியிருப்புச் சட்டம் எதையும் எடைபோட மூன்று கேள்விகள் போதும். வீடு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று அது வரையறுக்கிறதா? அந்த நிலையைச் சோதிக்க ஓர் அதிகாரியை நியமிக்கிறதா? குறை தீராதபோது, குடியிருப்பவர் கைப்பணம் கரையாமல் முறையிட வழி உண்டா? ஜாசின், அலோர் காஜா தோட்டத்து லயங்களிலிருந்து ஆயர் குரோ, புக்கிட் பாரு அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த மலாக்காத் தமிழர் இருவகைச் சட்டங்களின் கீழ் வாழ்ந்தவர்கள். அவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பதே முறை.

முதலில் லயம். 1966இல் வந்த தொழிலாளர் வீட்டுத் தரச் சட்டத்தின் இடத்தை 1990இல் 446ஆம் சட்டம் எடுத்துக்கொண்டது. போதிய குழாய்நீரை இலவசமாகத் தருவதும், மின்சாரம் தருவதும், கட்டடத்தைப் பழுதின்றி வைத்திருப்பதும் முதலாளியின் கடமை என்று அது எழுதிவைத்தது. கண்காணிக்கும் பொறுப்பு தொழிலாளர் இலாகாவுக்கு. 2019இல் செய்த திருத்தம் இதைத் தோட்டத்துக்கு அப்பால் மற்றத் துறைகளுக்கும் விரித்தது. வடிவமைப்பில் இது சிறந்த சட்டம். லயத்துக் கூரையைச் செப்பனிடுவது துரையின் தயவாக இருந்த காலத்தை அது ஏட்டளவிலாவது முடித்துவைத்தது.

ஆனால் அதன் அடித்தளத்திலேயே ஒரு குறை இருக்கிறது. சம்பளம் தருபவரே வீடும் தருகிறார்; அவர்மீது புகார் எழுதுபவர் இரண்டையும் பணயம் வைக்கிறார். வேலை முடிந்தால், வீட்டில் இருக்கும் உரிமையும் முடிகிறது. நாற்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவரும் ஓய்வு பெற்ற மறுநாள் இந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அடுத்து நகரம். வீட்டு வாடகைக்கென்று தனிச்சட்டம் இல்லாததால், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் கையெழுத்திட்ட தாளுமே ஆட்சி செய்கின்றன. தாளைத் தயாரிப்பவர் பெரும்பாலும் உரிமையாளர் அல்லது அவருடைய முகவர். இரண்டு மாத முன்பணம், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அரை மாதம், முதல் மாத வாடகை என்பது வழக்கம். 900 வெள்ளி வீட்டுக்கு 3,150 வெள்ளி கைமாறிய பிறகே சாவி கிடைக்கும். கொடுக்க வேண்டிய தொகையையும் தேதியையும் துல்லியமாகச் சொல்லும் அதே தாள், கூரையையும் குழாயையும் பழுதுபார்ப்பது உரிமையாளர் பொறுப்பு என்று எழுதினாலும், எத்தனை நாளுக்குள் என்று பெரும்பாலும் எழுதுவதில்லை. உரிமையாளர் காலங்கடத்துவது இந்த இடைவெளியில்தான். பொறுமையிழந்து வாடகையை நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர் வாடகைக்காரரே ஆகிறார்.

சட்டம் அவரை முற்றிலும் கைவிட்டது என்பதும் நியாயமான கூற்றல்ல. 1950ஆம் ஆண்டு தனிநிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவின்படி, ஒப்பந்தம் முடிந்தபின்னும் நீதிமன்றம் செல்லாமல் அவரை வெளியேற்ற முடியாது. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட முன்பணத் தகராறை, வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு உரிமைக் கோரிக்கையாகத் தொடுக்கலாம். அடுக்குமாடியில் மேல்வீட்டிலிருந்து நீர் கசிந்தால், அறிவிப்புப் பெற்ற 7 நாளுக்குள் கட்டட நிர்வாகம் சோதிக்க வேண்டும் என்கின்றன 2015ஆம் ஆண்டு விதிகள்.

இவற்றின் எல்லையையும் சொல்ல வேண்டும். சிறு உரிமைக் கோரிக்கை பணத்தை மீட்டுத் தரும். கூரையை அடைத்துத் தராது. அடுக்குமாடி நிர்வாக நடுவர் மன்றம் வீட்டு உரிமையாளருக்குத் திறந்த கதவு. வாடகைக்காரர் தனி அனுமதி பெற்றே நுழைய வேண்டும். காலம் கடந்தும் காலி செய்யாதவரிடம் இரட்டை வாடகை கேட்க 1956ஆம் ஆண்டு குடிமைச் சட்டம் இடம் தருகிறது. பழுதுபார்க்கத் தாமதிக்கும் உரிமையாளருக்கு அதற்கு இணையான விலை எதையும் சட்டம் விதிக்கவில்லை. தாமதத்தை ஒரு பக்கத்தில் மட்டும் தண்டிக்கும் தராசு நேர்நிற்காது.

உரிமையாளர் தரப்பிலும் வலுவான வாதம் உண்டு. மின்கட்டணப் பாக்கியோடு இரவோடிரவாகக் காலி செய்பவர்களும் இருக்கிறார்கள். வாடகையை முடக்கிவைத்தால் என்ன நேரும் என்பதை மலாக்காவின் பழைய கடைவீடுகள் காட்டின. 1948 ஜனவரி 31 வரை கட்டப்பட்டவற்றுக்கு 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உச்சவரம்பு வைத்தது. அந்த வருமானத்தில் ஓடு மாற்றவும் உரிமையாளர்களுக்கு மனம் வரவில்லை. 1997இல் இயற்றிய நீக்கச் சட்டத்தால் அந்தப் பாதுகாப்பு 2000ஆம் ஆண்டுக்குள் முடிந்தது. அதை நம்பியிருந்த குடும்பங்கள் வெளியேற வேண்டியதாயிற்று. ஆகவே வாடகைக்கு வரம்பு கட்டுவது தீர்வல்ல. வீட்டின் தரத்துக்கு வரம்பு கட்டுவதே தீர்வு.

மூன்று கேள்விகளுக்கும் விடை இப்போது தெளிவு. தரமும் சோதனையும் தோட்டச் சட்டத்தில் உள்ளன. முறையிடும் துணிவுக்குத்தான் அங்கே இடமில்லை. நகரத்தில் நீதிமன்ற வழி திறந்திருக்கிறது. தரமும் சோதனையாளரும் இல்லை. குறைபாடுகள் இருந்தும் வடிவில் மேம்பட்டது தோட்டச் சட்டமே என்பது என் முடிவு. வீடமைப்பு அமைச்சு பல ஆண்டுகளாகப் பேசிவரும் குடியிருப்பு வாடகைச் சட்டத்துக்குப் புதிய சிந்தனை தேவையில்லை. 446இன் தரக் கடமை, அடுக்குமாடி விதியின் 7 நாள் கெடு, சிறு கோரிக்கையின் எளிமை ஆகிய மூன்றும் நம் சட்டப் புத்தகத்திலேயே சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றாகக் கோக்காத வரைவு எதுவும் தேர்ச்சி பெறாது. அதுவரை, கையெழுத்திடும் முன் பழுதுபார்க்கும் கெடுவை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மறுப்பவரின் வீட்டை மறுத்துவிடுங்கள்.