நாடாவை எங்கே சுற்றினார்கள்?

வெப்பமண்டலக் காடுகளைப் பற்றி இரண்டு விதமான செய்திகள் பத்திரிகைகளில் வருவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். "காற்றில் கரியமிலவாயு பெருகப் பெருக, மரங்கள் அதை உண்டு செழிக்கின்றன" என்பது ஒன்று. "பூமி சூடேறுவதால் அமேசான் காடு காய்ந்து புல்வெளியாகிவிடும்" என்பது மற்றொன்று. இரண்டும் ஆராய்ச்சியின் பெயரால்தான் சொல்லப்படுகின்றன. எது சரி என்று ஒரு மாணவன் கேட்டால் ஆசிரியர் என்ன பதில் சொல்வார்?

இது விளையாட்டான கேள்வி அன்று. முதல் செய்தியை அப்படியே நம்பினால், புகையைக் குறைக்க அவசரமில்லை, காடு பார்த்துக்கொள்ளும் என்ற மெத்தனம் வரும். இரண்டாவதை அப்படியே நம்பினால், எப்படியும் அழியப்போகிற காட்டை இன்றே வெட்டினால் என்ன என்று கேட்பவருக்கு வசதியாகிவிடும். ஆகவே முடிவைக் கேட்பதற்கு முன், அளந்த முறையைக் கேட்க வேண்டும். அம்முறைகளை ஒவ்வொன்றாக உரைத்துப் பார்ப்போம்.

மார்பளவு உயரத்தில் ஒரு நாடா

காட்டில் ஒரு பகுதியை எல்லை கட்டி, அதிலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி அளப்பார்கள். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் அதே இடத்தில் அளப்பார்கள். பருமன் கூடியதிலிருந்து மரத்தின் எடையைக் கணக்கிடலாம். உலர்ந்த எடையில் ஏறக்குறையப் பாதி கரி. மரம் எவ்வளவு கரியமிலவாயுவை உட்கொண்டது என்பது இப்படித்தான் தெரிகிறது.

1998இல் ஆலிவர் பிலிப்சும் அவருடைய தோழர்களும் இத்தகைய நிலப்பகுதிகளின் அளவுகளைத் திரட்டி, அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளின் எடை கூடிவருகிறது என்று அறிவித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் கோஸ்ட்டாரிகாவின் காடுகளில் நெடுங்காலம் பணியாற்றிய டெபோரா கிளார்க் 2002இல் ஒரு தடை எழுப்பினார். நாடாவை எங்கே சுற்றினார்கள் என்பதுதான் அவர் கேட்ட கேள்விகளில் முக்கியமானது.

இலவமரத்தின் அடியைப் பார்த்திருப்பீர்கள். பலகைகளை நிறுத்தி வைத்ததுபோல வேர்கள் புடைத்து நிற்கும். மழைக்காட்டின் பெரிய மரங்கள் பலவற்றுக்கு இத்தகைய பலகைவேர்கள் உண்டு. மரம் வயதாக ஆக அவை மேல்நோக்கி ஏறி, நாடா சுற்றும் இடத்தையும் எட்டிவிடும். அப்போது நாடா அளப்பது தண்டின் வளர்ச்சியை அல்ல, பலகையின் புடைப்பை. 50 செ.மீ. குறுக்களவுள்ள மரத்தை 53 என்று குறித்துவிட்டால் என்ன ஆகும்? எடை, குறுக்களவின் வர்க்கத்தைவிடச் சற்று வேகமாகக் கூடுவது. ஆகவே குறுக்களவில் நூற்றுக்கு 6 பங்கு பிழை, எடையில் ஏறத்தாழ 15 பங்குப் பிழையாகிவிடும். ஐயத்துக்குரிய இடங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அந்த எடைப் பெருக்கம் உறுதியாக நிற்கவில்லை என்று கிளார்க் வாதிட்டார்.

பிலிப்ஸ் குழுவினர் சும்மா இருக்கவில்லை. அளவுகளைத் திரும்பச் சோதித்து, பிழை இருந்தாலும் முடிவை மாற்றும் அளவுக்குப் பெரிதல்ல என்று அதே ஆண்டில் பதிலளித்தார்கள். யார் வென்றார் என்பதைவிட, இந்த வழக்கால் வந்த நன்மைதான் பெரிது. பலகைவேருக்கு மேலே ஏணி வைத்து அளப்பதும், அளந்த இடத்தில் வண்ணக்கோடு இடுவதும், அளவிடத்தை மாற்றினால் அதைக் குறித்து வைப்பதும் கண்டிப்பான விதிகளாயின.

கல்யாணம் நடந்த மாதம்

இன்னொரு குறை நிலப்பகுதியின் சிறுமையில் இருக்கிறது. பல பகுதிகள் ஒரு ஹெக்டேர் அளவே கொண்டவை. மரங்கள் மெள்ள வளர்கின்றன. ஆனால் புயலிலோ வறட்சியிலோ சட்டென்று விழுகின்றன. வீட்டுச் செலவை மாதாமாதம் எழுதிவந்த ஒருவர், கல்யாணம் நடந்த மாதத்தை மட்டும் விட்டுவிட்டால் அவருடைய கணக்கில் சேமிப்பு ஏராளமாகத் தெரியும் அல்லவா? சிறு நிலப்பகுதிகளிலும் இந்த ஏமாற்றம் நேரலாம் என்று கிறிஸ்டியன் கோர்னர் 2003இல் எச்சரித்தார்.

இதற்கு மருந்து, பெரிய பரப்பும் நீண்ட காலமும்தான். பனாமாக் கால்வாய்க்காக ஆற்றைத் தேக்கியபோது தீவாகிப்போன பாரோ கொலராடோ என்னும் குன்றில், ஸ்டீபன் ஹப்பெலும் ராபின் பாஸ்டரும் 1980இல் 50 ஹெக்டேர் பகுதியை வகுத்தார்கள். ஒரு செ.மீ. குறுக்களவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டையும் அளந்தார்கள். எல்லாம் சேர்ந்து இரண்டு லட்சத்துக்கு மேல்! முதல் கணக்கெடுப்பு 1982இல் முடிந்தது. அடுத்த ஆண்டிலேயே எல் நினோவால் கடும் வறட்சி வந்தது. 1985இல் மீண்டும் அளந்தபோது மரங்களின் இறப்பு மிகுந்திருந்தது. அடுத்த ஐந்தாண்டில் அது குறைந்தது. முதல் கணக்கு மூன்று ஆண்டு தாமதித்திருந்தால், அந்தச் சாவுகள் எந்த ஏட்டிலும் ஏறியிரா.

கூரை போட்ட காடு

வறட்சிக்காகக் காத்திராமல் நாமே வறட்சியை உண்டாக்கினால் என்ன? பிரேசிலின் கஷியுவானா காட்டில் அதையே செய்தார்கள். ஒரு ஹெக்டேர் பரப்பில், தரைக்கு மேல் பிளாஸ்டிக் தகடுகளைப் பரப்பி, காட்டுத்தரையை அடையும் மழைநீரில் ஏறக்குறையப் பாதியை 2002 முதல் வெளியே வடித்துவிட்டார்கள். பக்கத்து மண்ணிலிருந்து ஈரம் கசியாதபடி சுற்றிலும் அகழியும் வெட்டினார்கள்.

முதலில் பெரிய மரங்கள் மாண்டன. உணவுக் குறைவால் அல்ல, தண்ணீரை உச்சிக்கு ஏற்றும் குழாய்களில் காற்று புகுந்து ஓட்டம் அறுந்ததால் அவை மாண்டன என்று 2015இல் தெரிவித்தார்கள். அத்துடன் ஆய்வை முடித்திருந்தால், காடு முழுதும் போய்விடும் என்றே எழுதியிருப்போம். ஆனால் 22 ஆண்டு முடிவில் கண்டது வேறு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடையை இழந்த அக்காடு, பிறகு நிலைபெற்றுவிட்டது. எஞ்சிய மரங்களுக்குத் தண்ணீர் ஓரளவு போதுமானதாயிற்று. இம்முடிவு 2025இல் வெளியாயிற்று.

பாராட்டத்தக்க உழைப்பு இது. ஆயினும் இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். கூரை மறைத்தது மண்ணின் நீரை மட்டுமே. காற்று சூடேறவில்லை, அதன் ஈரம் குறையவில்லை. தவிர, ஒரே ஒரு ஹெக்டேர். வருங்கால வறட்சியில் வெயிலும் சேர்ந்தே வரும். எனவே "அமேசான் வறட்சியைத் தாங்கும்" என்று இதைத் தலைப்பிட்டால் அது செய்தியாளரின் முடிவே தவிர, ஆய்வின் முடிவன்று.

கணிப்பொறியின் சோதிடம்

அமேசான் அழியும் என்ற அச்சத்துக்குப் பெரிதும் காரணமானது 2000ஆம் ஆண்டில் பீட்டர் காக்சும் தோழர்களும் வெளியிட்ட பிரிட்டிஷ் கணிப்பொறி மாதிரி. 2013இல் கிறிஸ் ஹன்டிங்போர்டு குழுவினர் 22 தட்பவெப்ப மாதிரிகளை வைத்துக் கணக்கிட்டபோது, இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் காட்டின் எடை குறைவதாக ஒன்றே ஒன்றுதான் காட்டியது. அதுவும் அமெரிக்கக் கண்டத்துக் காடுகளில் மட்டும்.

அப்படியானால் கவலை தீர்ந்ததா? இல்லை. மற்ற மாதிரிகளில் காட்டைக் காப்பாற்றுவது பெரும்பாலும் கரியமிலவாயு உரமாக வேலை செய்யும் என்ற அனுமானம். முழுக் காட்டுக்கு அந்த வாயுவை ஊட்டிப் பார்த்த பழைய சோதனைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் நடந்தவை. அமேசானின் மண்ணோ பெரும்பகுதி பாஸ்பரஸ் வறண்ட பழைய மண். சோறு மிகுதியாக இருந்தும் உப்பில்லாவிட்டால் எவ்வளவு உண்ண முடியும்?

இங்கேதான் நாடா மீண்டும் உதவிக்கு வருகிறது. வான்ஸ் ஹூபோ தலைமையில் 2020இல் வெளியான ஆய்வு, ஆப்பிரிக்காவின் 244 நிலப்பகுதிகளையும் அமேசானின் 321 பகுதிகளையும் ஒப்பிட்டது. மரங்கள் கரியைச் சேர்த்தது மெய். ஆனால் அமேசானில் அந்தத் திறன் 1990களிலிருந்து குறைந்துவருகிறது. அங்கே வளர்ச்சியை மரணம் துரத்திப் பிடிக்கிறது. மெத்தனத்துக்கும் இடமில்லை, "எப்படியும் போகும்" என்பதற்கும் இடமில்லை.

நம் முதுமலையில்

மேலே சொன்னவை ஈரக்காடுகள். உலர்காடுகளின் கதை வேறு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த சுகுமாரும் தோழர்களும் 1988இல் முதுமலையில் 50 ஹெக்டேரை வகுத்தார்கள். பாரோ கொலராடோவின் அதே பரப்புதான். தண்டுகளோ ஏறத்தாழ 25,000. தேக்கு, வெண்தேக்கு, கருமருது நிறைந்த காடு. கோடைத் தீயில் இளங்கன்றுகள் கருகும். அவற்றில் பல அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். யானைகள் விரும்பி முறித்ததால் வலம்புரி போன்றவை அருகின. இங்கே மழையின் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துக் காட்டின் விதியைக் கணித்தால் என்ன ஆகும்? தீயும் யானையும் செய்ததை வானத்தின் மேல் ஏற்றிவிடுவோம்.

ஆகவே, வாசகர்களே, அடுத்த முறை இத்தகைய செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை ஆண்டு பார்த்தார்கள்? எவ்வளவு பரப்பில், எந்தக் காட்டில்? கணக்கில் எதை விட்டுவிட்டார்கள்? இவற்றுக்குப் பதில் இல்லாத செய்தியை ஒதுக்கிவைக்கலாம்.

நூறாண்டு வாழும் மரத்தை மூன்றாண்டுப் பண உதவியில் அறிந்துவிட முடியாது. கணிப்பொறிக்கும் செயற்கைக்கோளுக்கும் தாராளமாகக் கொடுக்கும் அரசுகள், நாடாவோடு காட்டுக்குள் நடப்பவருக்கும் தொடர்ந்து கொடுத்தாக வேண்டும். மற்ற எல்லாக் கணக்குகளையும் சரிபார்ப்பது அவருடைய ஏடுதான்.

இதன் அருமையை உணர ஓர் எளிய வழி உண்டு. உங்கள் பள்ளி வளாகத்து வேப்பமரத்தில் 1.3 மீட்டர் உயரத்தில் ஒரு வண்ணக்கோடு இடுங்கள். ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், அந்தக் கோட்டின் மேலேயே நாடாவைச் சுற்றி அளந்து, அவ்வாண்டு மழையளவோடு சேர்த்து எழுதி வையுங்கள். நீங்கள் படிப்பை முடித்துப் போகும்போது, நோட்டுப் புத்தகத்தை அடுத்த வகுப்பு மாணவரிடம் மறவாமல் ஒப்படையுங்கள்.