டி. ஆர். சுந்தரமும் வழிநூல் மரபும்

திரைப்படத்தைப் பற்றி இலக்கிய ஏடொன்றில் எழுதுதல் தகுமோ என்று வினவுவோர் நம்மிடையே இன்றும் உளர். தகும் என்பதே நம் விடை. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தமிழ் மக்களுள் பெரும்பாலோர் கதை கேட்ட இடம் திரைக்கொட்டகையேயாகும். கதை வழங்கும் இடமெங்கும் திறனாய்வாளனுக்கு வேலையுண்டு. அவ்வகையில், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படநிலையத்தை நிறுவி, ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் படத்தொழிலில் தலைமைநின்ற டி. ஆர். சுந்தரம் அவர்களின் பணியை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அன்னாரைப் பற்றி எழுதுவோர் வழக்கமாகத் தருவது ஒரு பட்டியல். மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ (1938). தமிழின் முதல் இரட்டை வேடப் படம் ‘உத்தம புத்திரன்’ (1940). தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956). மலையாளத்தின் முதல் வண்ணப்படம் ‘கண்டம் பெச்ச கோட்டு’ (1961). இவற்றோடு, அந்நிலையம் தந்த படங்கள் நூற்றுக்கும் மேல் என்ற கணக்கும் சேரும். பட்டியல் பொய்யன்று. ஆயினும் ‘முதல்’ என்ற ஒற்றைச் சொல்லைக் கோலாகக் கொண்டு அவரை அளப்பது இரண்டு தீங்கு செய்கிறது. அவருடைய உண்மையான ஆற்றல் எதுவென்பதை அது மறைக்கிறது. அவருடன் உழைத்தவர்களின் பெயரையும் மறைக்கிறது. இதுவே நாம் நிறுவ விழையும் கருத்து.

சுந்தரம் 1907-இல் பிறந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பியவர். அக்காலத்தில் தமிழ்ப் படம் எடுப்போர் நடிகர்களையும் வாத்தியக்காரர்களையும் அழைத்துக்கொண்டு கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் இரயிலேறுவர். அந்நிலையை மாற்ற எண்ணி, 1935-இல் சேர்வராயன் மலையடிவாரத்தில், ஏற்காடு செல்லும் சாலையில், சொந்தப் படநிலையம் கண்டார். 1937-இல் ‘சதி அகல்யா’ வெளிவந்தது. 1963-இல் அவர் மறையும்வரை அந்நிலையம் ஓய்ந்ததில்லை.

இத்தகைய பணியை எடைபோட நம்மிடம் இரண்டு தராசுகள் உள்ளன. ஒன்று தமிழ் மரபு தந்தது. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் உரைப்போர் கூறவேண்டிய எட்டனுள் முதலில் ஆக்கியோன் பெயரையும், அதனையடுத்து ‘வழி’யையும் வைத்தார் நன்னூலார். நூல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் அதன் சிறப்பைச் சொல்லத் தொடங்கக் கூடாது என்பது கருத்து. நூல்களையும் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாக வகுத்தனர். வழிநூல் என்பது இழிவான பெயரன்று. முன்னோர் பொருளை ஏற்று, பின்னோன் வேண்டும் வேறுபாடு கூறுவது அது. மற்றொரு தராசு, அரபுக் கல்வியில் நாம் பயிலும் இஸ்னாத் முறை. சொல்லப்பட்ட செய்தியை மட்டும் பாராது, அதனை யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற சங்கிலியைக் கண்ணி கண்ணியாகச் சோதிப்பது. திரைக்கதையை ஹதீஸோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. அம்முறை தரும் ஒழுங்கை மட்டுமே இங்கு எடுத்தாள்கிறோம்.

நாம் வாழும் பெண்ணாடத்தில் இவ்வழக்கு புதிதுமன்று. மெய்கண்டாரைத் தந்த ஊர் எனச் சைவ உலகம் இதனைப் போற்றும். அவருடைய சிவஞானபோதம் தமிழில் எழுந்த முதல்நூலா, ரௌரவ ஆகமத்தின் மொழிபெயர்ப்பா என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். ஒரு நூலின் வழி எதுவென்று கேட்பது அதனைச் சிறுமைப்படுத்துவதாகாது என்பதற்கு அவ்வாதமே சான்று.

இனி ‘அலிபாபா’வை எடுத்துக்கொள்வோம். ஆயிரத்தோர் இரவுகள் என்னும் அரபுக் கதைத்தொகுதியில் அலிபாபா கதை உண்டு என்றே மக்கள் எண்ணுகின்றனர். ஆனால் அத்தொகுதியின் பழைய அரபுக் கைப்பிரதிகளில் அக்கதை இல்லை. முஹ்சின் மஹ்தி என்ற பேரறிஞர் மிகப் பழைய பிரதியை ஆராய்ந்து 1984-இல் பதிப்பித்த அரபு மூலத்திலும் அதனைக் காண முடியாது. அக்கதை அச்சில் முதன்முதலாகத் தோன்றியது அந்துவான் கலான் என்னும் பிரெஞ்சு அறிஞரின் மொழிபெயர்ப்பில். அவர் மறைந்தபின் 1717-இல் வெளிவந்த இறுதிப் பகுதிகளில். கலானுக்கு அதனைச் சொன்னவர் ஹலப் நகரத்துக் கிறிஸ்தவ இளைஞர் ஹன்னா தியாப். 1709-இல் பாரிஸில் வாய்மொழியாகச் சொன்னார். கலான் தம் நாட்குறிப்பில் இதனை எழுதிவைத்தார். அச்சிட்ட நூலிலோ அவ்விளைஞர் பெயர் இல்லை. ஹன்னா தியாப் தம் முதுமையில் அரபியில் எழுதிய பயண நூல் வத்திக்கான் நூலகத்தில் கிடந்து, 1993-இல்தான் அவருடையதென அடையாளம் காணப்பட்டது. தாம் கேட்டது யாரிடம் என்பதை மறைப்பதை நம் ஆசிரியர்கள் ‘தத்லீஸ்’ என்று குறை கூறுவர். உலகப் புகழ் பெற்ற ஒரு கதையில் அக்குறை இருநூறாண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அக்கதை பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் புகுந்து, இந்திய நாடக மேடையும் திரையும் ஏறி, சேலம் வந்து சேர்ந்தது. தமிழிலேயே 1941-இல் என். எஸ். கிருஷ்ணன் நடித்த அலிபாபா படம் ஒன்று உண்டு. இந்தியில் 1954-இல் ஹோமி வாடியாவின் படம் வெளிவந்தது. அதற்குப் பின்னரே 1956-இல், எம். ஜி. ஆரும் பானுமதியும் நடிக்க, சுந்தரத்தின் வண்ணப்படம் வந்தது. வந்த வழியின் தடம் ஒரு சொல்லிலேயே தெரிகிறது. குகையைத் திறக்கும் சொல் அரபியில் ‘சிம்சிம்’, பொருள் எள். தமிழ்ப் படத்தில் அது ‘சீசேம்’ என ஒலிக்கிறது. அரபு நாட்டிலிருந்து நேரே வந்திருந்தால் அவ்வொலி வந்திராது. ஆங்கிலத்தின் கைபட்டு வந்தமையால் வந்தது. எள் என்ற எளிய பொருளை அறியாமலே தமிழ்நாட்டுச் சிறுவர் இரண்டு தலைமுறையாய் அதனை மந்திரமெனக் கூவி மகிழ்ந்தனர்.

ஆகவே ‘அலிபாபா’ வழிநூலுக்கும் வழிநூல். அப்படியாயின் சுந்தரத்தின் சிறப்பு யாது? தமிழில் எவரும் முழுநீளத்துக்குத் துணியாத வண்ணத்தில், கேவாகலர் படச்சுருளில், ஒரு படத்தைத் திட்டமிட்டு முடித்துப் பொங்கலுக்குக் கொட்டகை சேர்த்ததே சிறப்பு. அது ஆக்கியோனின் சிறப்பன்று, அமைத்தோனின் சிறப்பு. நெசவு கற்ற அவருக்கு அது கைவந்த பணி. நூலை அவர் நூற்கவில்லை; பாவையும் ஊடையையும் பிழையின்றிச் சேர்த்து ஆடையாக்கினார்.

ஆயினும் வழிநூலாசிரியன் செய்யும் வேறுபாட்டைத் திறனாய்வாளன் கேள்வி கேட்கவேண்டும். மூலக்கதையில் அறிவின் இருப்பிடம் மார்ஜியானா என்ற அடிமைப் பெண். கதவில் இடப்பட்ட அடையாளத்தைக் கண்டு பிற வீடுகளிலும் அதனையே இட்டு ஏமாற்றுபவள் அவள். சாடிகளுள் கள்வர் ஒளிந்திருப்பதை அறிபவள் அவள். விருந்தில் ஆடியவாறே கள்வர் தலைவனை வீழ்த்துபவளும் அவளே. அலிபாபா நல்லூழ் வாய்த்த விறகுவெட்டி, அவ்வளவே. தமிழ்ப் படம் இவ்வெடையைத் தலைகீழாக்கியது. வீரமும் வெற்றியும் கதாநாயகனைச் சென்றடைந்தன. பானுமதி போன்ற ஆற்றல்மிக்க நடிகை கிடைத்தும், மார்ஜியானா அவனால் காக்கப்படும் காதலியாகவே பெரும்பாலும் நின்றாள். மக்கள் விரும்பிய நாயகனுக்காகச் செய்த மாற்றம் என்பர். வாணிபத்தில் அது சரியாகலாம். கதையின் உயிர் அதனால் மெலிந்தது என்பது நம் துணிபு.

தமிழ் மூலங்களைத் தொட்டபோதும் இதே குணமும் குறையும் காண்கிறோம். ஐம்பெருங்காப்பியங்களுள் முழுமையாகக் கிடைக்காதவை இரண்டு: குண்டலகேசியும் வளையாபதியும். அவ்விரண்டையும் திரைக்குக் கொணர்ந்தது சேலத்துப் படநிலையம். குண்டலகேசிக் கதையைத் தழுவிக் கலைஞர் மு. கருணாநிதி எழுதிய நாடகம் ‘மந்திரி குமாரி’யாக 1950-இல் வெளிவந்தது. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிவந்த அப்படத்தின் எஞ்சிய பகுதியைச் சுந்தரமே முடித்தார். பாவேந்தர் பாரதிதாசனின் எழுத்தில் ‘வளையாபதி’ 1952-இல் வந்தது. ஏட்டில் அழிந்த இரண்டு காப்பியங்களின் பெயரைக் கொட்டகையில் தரையில் அமர்ந்து பார்த்த உழவனும் அறிந்தான். பல்கலைக்கழகங்களும் செய்யாத தொண்டு இது. ஆனால் குண்டலகேசியில், கொல்ல நினைத்த கணவனை அவள் மலையினின்று தள்ளிவிடுவது தொடக்கம் மட்டுமே. அதற்குப் பின் அவள் துறவு பூண்டு சமயவாதம் புரிவதே காப்பியத்தின் உயிர். படத்திலோ மலை உச்சியே கதைக்கும் உச்சமாயிற்று. விழுகின்ற உடலைத் திரை எளிதில் காட்டும். வாதிடும் அறிவைக் காட்டுவது அரிது. எளியதையே அந்நிலையம் தேர்ந்தது.

இப்போது பெயர்களுக்கு வருவோம். ‘பாலன்’ சுந்தரத்தின் படமென்கிறோம். அதன் கதைக்கருவைக் கொண்டுவந்தவர் ஏ. சுந்தரம் பிள்ளை, உரையாடலும் பாடலும் எழுதியவர் முதுகுளம் ராகவன் பிள்ளை, இயக்கியவர் நொட்டானி. ‘உத்தம புத்திர’னின் வேர் பிரெஞ்சு நாவலாசிரியர் துமாவின் இரும்பு முகமூடிக் கதையில் உள்ளது, இரண்டு வேடங்களையும் தாங்கியவர் பி. யு. சின்னப்பா. கலைஞரும் கண்ணதாசனும் மருதகாசியும் நம் கவி கா. மு. ஷெரீபும் அவ்வளாகத்தில் எழுதினர், ஜி. ராமநாதன் இசையமைத்தார். இவர்கள் பெயராவது நிலைத்தது. ஒளிப்பதிவு அறையிலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும் படச்சுருள் கழுவும் இடத்திலும் தச்சுப் பட்டறையிலும் மாதச் சம்பளத்துக்கு உழைத்தோர் பெயர்களோ ‘முதல்’ பட்டியல்களில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை.

படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் காட்டப்படுகின்றனவே, பிறகென்ன குறை என்று சிலர் வினவலாம். திரையில் சில நொடி தோன்றி மறையும் பெயர் சங்கிலியாகாது. எழுதிக் காக்கப்படும் பெயரே சங்கிலியாகும். அக்காலப் படச்சுருள்கள் பலவும் அழிந்துவிட்டன. சுருளோடு பெயரும் அழிந்தது. மற்றும் சிலர், நிலையத்தை நிறுவியவனே எல்லாவற்றுக்கும் உரியவன் என்பர். பள்ளிவாசலைக் கட்டிக்கொடுத்தவரைப் போற்றுகிறோம். அதற்காக அங்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதின் பாடத்தை அவருடையதென்று கூறுவோமா?

தலைமை என்பதற்கும் இங்கே பொருள் தெளிதல் வேண்டும். தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை 1939-இல் சென்னையில் தோன்றியது. ஜெமினி எஸ். எஸ். வாசன் அனைத்திந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் தலைவராகவும் மாநிலங்களவை உறுப்பினராகவும் விளங்கினார். அரசோடு வரியையும் தணிக்கையையும் பற்றி வாதாட அத்தகைய தலைமை தேவையே. சுந்தரத்திடம் நாம் காணும் தலைமை வேறு வகை. காரைக்குடியில் தொடங்கிய மெய்யப்பரும் சென்னை சென்றார். சுந்தரம் சேலத்தை விட்டகலவில்லை. காலந் தவறாமை, கணக்கு, கட்டுப்பாடு ஆகியவற்றால் ஒரு மாவட்ட நகரில் ஆண்டுதோறும் படங்கள் பிறக்கச் செய்தார். விருத்தாசலம் வழியே சேலம் இருப்புப்பாதையோடு தொடர்புடைய எம் பகுதி மக்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்: கலை செய்யத் தலைநகரம்தான் செல்லவேண்டும் என்ற விதியை ஒருவர் முப்பதாண்டு பொய்யாக்கினார். அவருடைய ‘முதல்’களைக் காட்டிலும் இதுவே பெரிது.

அவ்வமைப்பாற்றல் நல்ல கதையோடு சேர்ந்தபோது விளைந்ததற்குக் ‘கண்டம் பெச்ச கோட்டு’ சான்று. முஹம்மது யூசுப் எழுதிய மலையாள நாடகம் அதன் மூலம். ஹஜ்ஜுக்குச் செல்ல, ஒட்டுப்போட்ட கோட்டுக்குள் காசு சேர்த்துவைக்கும் ஏழைச் செருப்புத் தைப்பவரின் கதை. ‘அலிபாபா’ காட்டிய முஸ்லிம்கள் எவரும் காணாத கற்பனை பக்தாதில் வாழ்ந்தவர்கள். இக்கதையின் காக்கா நம் தெருவில் இருப்பவர். ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே இயக்குநர் இரண்டையும் தந்தார். வண்ணத்தின் பெயரால் இரண்டும் ‘முதல்’ பட்டியலில் ஏறின. பட்டியலுக்கு இவ்விரண்டின் வேற்றுமை தெரியாது. மூலத்தை ஆராய்வோனுக்கே தெரியும்: ஒன்று பல கை மாறித் தேய்ந்து வந்தது, மற்றது அம்மக்களை அறிந்த ஒருவர் எழுதி நேரே வந்தது.

சுந்தரத்துக்குப் பின் அவருடைய மகன் ராமசுந்தரம் சில ஆண்டுகள் நிலையத்தை நடத்தினார். பின்னர் அது மூடப்பட்டது. இன்று ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவே எஞ்சி நிற்கிறது. வளைவைக் காக்கவேண்டும் என்போர் காக்கட்டும், வேண்டாமென்று கூறோம். அதனினும் முந்திச் செய்யவேண்டியது வேறொன்று. அந்நிலையத்தில் உழைத்தோரின் வழித்தோன்றல்கள் சேலத்தில் இன்னும் வாழ்கின்றனர். அவர்களிடம் எஞ்சிய சம்பளச் சீட்டு, புகைப்படம், கடிதம், வாய்மொழி ஆகியவற்றைத் தேடி, படம்தோறும் யார் எழுதினார், யார் ஒளிப்பதிவு செய்தார், கதை எங்கிருந்து வந்தது என்ற முழுப் பாயிரத்தையும் எழுதிவைத்தல் வேண்டும். ஹன்னா தியாபுக்குத் தம் கையால் எழுதிய ஏடு ஒன்று இருந்தது. ஆதலால் காலம் கடந்தேனும் நீதி கிடைத்தது. சேலத்துத் தச்சர்களும் ஒலிப்பதிவாளர்களும் அவ்வாறு ஏடெழுதி வைத்தவர்கள் அல்லர். அவர்களுக்காக எழுதவேண்டியது இன்று தமிழ் கற்றோரின் கடமையாகும். அதனைச் செய்தால், சுந்தரம் என்ற தலைவரின் பெருமையும் குறையாது. எதன்மேல் அது நின்றது என்பதும் விளங்கும்.