கட்டிய பேரரசும் கைவிட்ட பகையும்

பார்பரா டெய்லர் பிராட்ஃபோர்டு எழுதி 1979இல் வெளிவந்த புதினம் 'எ உமன் ஆஃப் சப்ஸ்டன்ஸ்'. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஃபேர்லி மாளிகைப் பணிப்பெண்ணான எம்மா ஹார்ட் அதன் தலைவி. அம்மாளிகையின் மகனால் கருவுற்றுக் கைவிடப்பட்ட அவள், சிறு கடையில் தொடங்கி, இலண்டன்வரை பரந்த வணிகப் பேரரசை எழுப்புகிறாள்.

கதை அவளது முதுமையில், 1968இல் தொடங்கிப் பின்னோக்கிச் செல்கிறது. பெற்ற மக்களே அவளுக்கு எதிராகச் சூழ்ச்சி செய்வதை முதலிலேயே அறிந்துவிடுகிறோம். எனவே அவள் ஏறும் ஒவ்வொரு படியிலும் வெற்றியோடு இழப்பையும் சேர்த்தே காண்கிறோம். பின்னோக்கு உத்தியின் பயன் இதுவே. காற்று வீசும் மேட்டுநிலமும் வெறும் பின்னணியன்று. அவளது நெஞ்சுரத்தின் படிமம்.

குறையும் உண்டு. தலைவி எண்ணியதெல்லாம் ஈடேறுவது நம்பும்படியாக இல்லை. ஃபேர்லி மாளிகையை அவள் விலைக்கு வாங்கி இடிக்கச் செய்யும் பழியுணர்வு, வீரம்போலவே தீட்டப்பட்டுள்ளது. ஆயினும், பேத்தி பவுலா ஃபேர்லி குடும்பத்து இளைஞனை மணக்க எம்மா இசையும் இறுதிப்பகுதி நூலை உயர்த்திவிடுகிறது. மாளிகையை இடித்தும் தணியாத பகை, மன்னிப்பில் தணிகிறது. அவள் சேர்த்த செல்வத்தினும் விட்டொழித்த பகையே நம் நெஞ்சில் நிற்கிறது.