தலையில் கொத்தும் ஆலா

இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்தம்பர்லேண்ட் கரையை ஒட்டிக் கிடக்கின்றன ஃபார்ன் தீவுகள். கோடை தொடங்கும் மே, ஜூனில் அங்கே போகிறவர்களுக்குத் தொப்பி அவசியம். கூட்டருகே யார் நடந்தாலும் ஆர்க்டிக் ஆலா பாய்ந்து வந்து உச்சந்தலையில் கொத்தும். செக்கச்சிவந்த அலகு, கறுத்த உச்சி, பிளவுபட்ட நீள வால். எடையோ சுமார் 100 கிராம்தான். அந்தச் சின்ன உடம்பு ஆண்டுதோறும் அண்டார்க்டிக் கடல்வரை போய்த் திரும்புகிறது. 1982இல் இங்கே வளையம் மாட்டிய குஞ்சு ஒன்று, மூன்றே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னை எட்டியது. பக்கத்திலேயே பஃபின் என்னும் கடற்பறவைகள், விரல்நீள வெள்ளி மீன்களை அலகில் குறுக்காக அடுக்கியபடி குஞ்சு காத்திருக்கும் வளைக்குள் நுழைகின்றன. எத்தனை நேரம் பார்த்தாலும் சலிக்காத காட்சி. போகிறவர்கள் பாதையை விட்டு இறங்காதீர்கள்; ஆலாவின் முட்டைகள் வெறுந்தரையில்தான் இருக்கின்றன.