கேட்போர் யாவர்? ‘ஹெட் ஹண்டர்ஸ்’ இசைத்தட்டு பற்றிய அபிப்பிராயங்கள் குறித்துச் சில சிந்தனைகள்

சிறப்புப்பாயிரம் கூறவேண்டிய செய்திகள் எட்டென வகுத்த நன்னூலார், ஆக்கியோன் பெயரோடும் நூற்பெயரோடும் நுதலிய பொருளோடும் ‘கேட்போர்’ என்பதனையும் ஒன்றாக வைத்து எண்ணினார். நூலொன்று யார் பொருட்டுச் செய்யப்பட்டது, அதனைக் கேட்டற்கு உரியார் யாவர் என்ற வினா, நூலுக்குப் புறத்தேயுள்ள வினாவன்று. அது நூலின் இயல்பையே உணர்த்துவது என்ற தெளிவு நம் இலக்கணகாரரிடம் இருந்தமைக்கு இது சான்றாகும். கலைப்படைப்புக்களைப் பற்றிய நமது இன்றைய விமர்சனங்களிலே ஆக்கியோனைப் பற்றி மிகுதியும் பேசுகின்றோம். கேட்போரைப் பற்றிப் பேசுவதோ அருமை. பேசும்போதும் ‘இரசிகர்கள் வரவேற்றனர்’ என்றோ ‘புறக்கணித்தனர்’ என்றோ ஒரு வாக்கியத்துடன் அமைந்துவிடுகின்றோம்.

இக்குறையை நினைவிற்கொண்டே, ஓர் இசைத்தட்டையும் அது பற்றிக் கேட்போர் கொண்ட முரண்பட்ட அபிப்பிராயங்களையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரான ஹேர்பி ஹான்கொக் 1973ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளியிட்ட ‘ஹெட் ஹண்டர்ஸ்’ என்பதே அவ்விசைத்தட்டு. ஜாஸ் இசையும் ஃபங்க் எனப்படும் ஆடலிசையும் ஒன்றோடொன்று கலந்த படைப்பு அது. பதினான்கு ஆண்டுகளின் பின் இலண்டனில் ‘அசிட் ஜாஸ்’ எனப் பெயர்பெற்ற இசைப்போக்குக்கு மூலவளமாய் அமைந்த படைப்புக்களுள் ஒன்றாகவும் அது கருதப்படுகின்றது.

முதலிற் படைப்பின் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவோம். 1940இல் சிக்காகோவிற் பிறந்த ஹான்கொக், 1963 முதல் 1968 வரை மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழுவிற் பியானோ வாசித்தவர். 1970களின் தொடக்கத்தில் அவர் தலைமைதாங்கிய அறுவர் குழு, மின்னிசைக் கருவிகளைக் கொண்டு நெடிய, கட்டற்ற பரிசோதனைகளை நிகழ்த்தியது. ‘முவாண்டிஷி’, ‘குறொசிங்ஸ்’, ‘செக்ஸ்ரன்ற்’ ஆகிய மூன்று இசைத்தட்டுக்கள் அக்காலத்தின. அறிஞர் சிலர் போற்றினும், அக்குழுவைக் கட்டிக்காக்கும் பொருளாதார ஆதாரம் இருக்கவில்லை. 1973இல் அது கலைந்தது. விண்வெளியிற் சஞ்சரிப்பது போன்ற இசையில் நீண்டகாலம் மூழ்கியிருந்தபின், மண்ணிலே காலூன்ற வேண்டும் என்ற வேட்கை தமக்குள் எழுந்தது என்று ஹான்கொக் பின்னாளிற் கூறியுள்ளார். அவ்வேட்கையின் விளைவே இவ்விசைத்தட்டு. பழைய குழுவிலிருந்து பென்னி மோபின் ஒருவரையே அவர் உடன்வைத்துக்கொண்டார். போல் ஜக்சன், ஹாவி மேசன், பில் சமர்ஸ் ஆகிய மூவரும் புதியவர்கள். கிற்றார் வாத்தியம் அறவே இல்லை. அது செய்யவேண்டிய தொழிலைக் கிளாவினெற் என்னும் மின் விசைப்பலகையைக் கொண்டு ஹான்கொக்கே செய்தார்.

இசைத்தட்டில் உள்ளவை நான்கே உருப்படிகள். முதலாவதாகிய ‘கமீலியன்’ பதினைந்து நிமிடத்துக்கு மேற்பட்டது. மூன்றாவது, ஃபங்க் இசையின் முன்னோடிகளுள் ஒருவரான ஸ்லை ஸ்ரோனின் பெயர் தாங்கியது.

இது வெளிவந்தபோது எழுந்த முதலாவது அபிப்பிராயம் கண்டனமாகும். ஜாஸ் இசையில் ஊறிய கேட்போர் பலரும் விமர்சகர் சிலரும், ஹான்கொக் சந்தைக்கு விலைபோய்விட்டார் என்றனர். நுட்பமான சுரக்கோவைகளைக் கையாண்ட கலைஞர், இரண்டே சுரக்கோவைகளை மீண்டும் மீண்டும் வாசித்து இளைஞரின் கால்களை ஆட்டுவிக்க முனைந்துள்ளார் என்பது அவர்தம் குற்றச்சாட்டு.

இதனை எளிதிற் புறந்தள்ளிவிட முடியாது. ‘கமீலியன்’ உருப்படியின் பெரும்பகுதி இரண்டு சுரக்கோவைகளின் மீதே கட்டப்பட்டுள்ளது என்பது உண்மை. தாழ்சுருதி வரியொன்று தொடக்கத்திலிருந்து திரும்பத்திரும்ப ஒலிப்பதும் உண்மை. ஆயின், இவ்வபிப்பிராயத்தின் அடியில் ஒரு முன்முடிவு மறைந்துள்ளது. சுரக்கோவை எவ்வளவுக்கு மாறுகின்றதோ அவ்வளவுக்கு இசை உயர்வுடையது என்பதே அம்முன்முடிவு. இது ஒருவகை இசையின் அளவுகோல். எல்லா இசைக்கும் பொதுவானதன்று. இங்கே மாற்றம் நிகழுமிடம் தாளமும் ஒலிவண்ணமுமாகும். சிந்தசைசரில் எழும் தாழ்சுருதி வரி முதலில் தனித்து ஒலிக்கின்றது, மேளம் சேர்கின்றது, கிளாவினெற் இடைவெளிகளை நிரப்புகின்றது, அதன் பின்னரே மோபினின் சாக்சபோன் முதன்மை இசைவரியைத் தருகின்றது. ஒவ்வொரு கருவியும் மற்றையது விட்ட வெற்றிடத்தை அறிந்து நுழைகின்றது. இதனை எளிமை எனலாம். வறுமை எனல் பொருந்தாது. மேலும், இறுதி உருப்படியான ‘வெயின் மெல்ரர்’, ஆடலுக்கு ஏற்றதன்றி அமைதியும் துயரமும் தோய்ந்து மெல்ல நகர்வது. விலைபோனவர் என்ற தீர்ப்பை வழங்கியோர் அதனை எத்துணைக் கவனத்துடன் கேட்டனர் என்ற ஐயம் எமக்கு உண்டு.

இரண்டாவது அபிப்பிராயம் இதற்கு நேரெதிரானது. ஜேம்ஸ் பிரவுண், ஸ்லை ஸ்ரோன் ஆகியோரின் இசையில் வளர்ந்த கறுப்பின இளைஞர்கள், ஜாஸ் இசை தம்மைவிட்டு அகன்று மண்டபங்களுக்குள்ளும் கல்லூரிகளுக்குள்ளும் சென்றுவிட்டதாக உணர்ந்திருந்தனர். அவர்களுட் பலருக்கு இவ்விசைத்தட்டு, சென்ற உறவினர் வீடு திரும்பியது போன்றிருந்தது. விற்பனை அதனை உறுதிசெய்தது. பொதுவான விற்பனைப் பட்டியலில் அது பதின்மூன்றாம் இடம்வரை உயர்ந்தது. 1986இல், பத்து இலட்சம் பிரதிகளுக்குரிய பிளாற்றினம் சான்றிதழைப் பெற்றது.

மக்களை நோக்கிக் கலை இறங்கிவந்தது என்று இவர்கள் கூறுவதில் நியாயம் உண்டு. எனினும், இங்கும் ஒரு வேறுபாட்டைத் தெளிவுறுத்தல் அவசியம். மக்கள் என்பதும் சந்தை என்பதும் ஒன்றல்ல. பத்து இலட்சம் பேர் வாங்கினர் என்பது இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பயனுள்ள செய்தி. படைப்பின் தரத்துக்கு அது சான்றாகாது. விலைபோனார் என்போரும் வெற்றிபெற்றார் என்போரும் விற்பனைத் தொகையையே தம் சான்றாகக் கொள்கின்றனர். ஒரு சாராருக்கு அது குற்றப்பத்திரம், மறுசாராருக்கு நற்சான்றுப்பத்திரம். வேற்றுமை அவ்வளவே.

மூன்றாவது அபிப்பிராயம் காலத்தாற் பிந்தியது. 1980களில் இலண்டன் நடன விடுதிகளில் இசைத்தட்டுச் சுழற்றுவோர், மறக்கப்பட்ட பழைய ஜாஸ், ஃபங்க் தட்டுக்களைத் தேடியெடுத்து ஒலிக்கச்செய்தனர். அப்போது பரவிக்கொண்டிருந்த ‘அசிட் ஹவுஸ்’ என்னும் நடன இசையின் பெயரை வேடிக்கையாக மாற்றியே ‘அசிட் ஜாஸ்’ என்ற தொடர் ஆக்கப்பட்டது. 1987இல் கில்ஸ் பீற்றர்சனும் எடி பில்லரும் அப்பெயரில் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். ஹான்கொக்கின் 1964ஆம் ஆண்டு உருப்படியான ‘கன்ரலூப் ஐலன்ட்’டின் ஒலிப்பகுதியை எடுத்து ‘அஸ் த்ரீ’ குழுவினர் அமைத்த பாடல் 1993இல் உலகெங்கும் ஒலித்தது.

இத்தலைமுறையினர் ‘ஹெட் ஹண்டர்ஸ்’ இசைத்தட்டை முதலிருவர் கேட்டவாறு கேட்கவில்லை. உயர்ந்ததா தாழ்ந்ததா என்ற வழக்கு அவர்களுக்கு முடிந்துபோன ஒன்று. எந்த எட்டு மாத்திரைகளை வெட்டியெடுத்தால் அரங்கு அசையும் என்பதே அவர்தம் செவியின் தேடல். இச்செவியும் நுட்பமானதே. ஹாவி மேசனின் மேளத்துக்கும் போல் ஜக்சனின் தாழ்சுருதிக்கும் உரிய மதிப்பை வழங்கியோருள் இவர்களுக்குத் தனியிடம் உண்டு. ஆயினும், துண்டுகளாகக் கேட்கும் செவி, அத்துண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்பது குறைவு. இவ்விடத்திலேதான் மூன்று சாராருக்கும் பொதுவான ஒரு குறைபாடு புலனாகின்றது.

இரண்டாவது உருப்படியாகிய ‘வோட்டர்மெலன் மேன்’ ஹான்கொக் 1962இல் இயற்றியது. சிக்காகோத் தெருக்களில் வண்டியில் வத்தகப்பழம் விற்றவரின் நினைவிற் பிறந்தது. 1973இல் அதனை மேசன் முற்றிலும் வேறான நடையில் அமைத்தார். அதன் தொடக்கத்திலும் முடிவிலும், வெற்றுப் பியர் போத்தலின் வாயில் ஊதியும் இடையிடையே குரலெழுப்பியும் பில் சமர்ஸ் ஓர் ஒலிக்கோலத்தைப் பின்னுகின்றார். கேட்டவுடன் மனத்திற் பதியும் பகுதி அது. அபிப்பிராயம் கூறிய பலர் அதனை இனிய விநோதமாகவே பாராட்டியுள்ளனர்.

அவ்வொலிக்கோலம் சமர்ஸின் கற்பனையிற் பிறந்ததன்று. மத்திய ஆபிரிக்கக் காடுகளில் வாழும் பபென்ஸெலே மக்கள் பப்பாசிக் காம்பினால் ஒரேயொரு சுரம் தரும் ஊதுகுழல் செய்வர். ‘ஹிண்டெவூ’ என்பது அதன் பெயர். குழலின் ஒரு சுரத்தையும் தொண்டையின் பல சுரங்களையும் மாறிமாறிப் பொருத்தி ஒருவரே ஓர் இசைவரியை நிரப்புவர். சிம்ஹா அறோம், ஜெனெவியேவ் தோறெல் ஆகிய ஆய்வாளர் அவ்விசையைப் பதிவுசெய்தனர். அப்பதிவு 1966இல் யுனெஸ்கோ வரிசையில் இசைத்தட்டாக வெளிவந்தது. அதிலுள்ள ஹிண்டெவூ இசையே போத்தலின் மூலம் மீளவும் ஒலிக்கின்றது. இத்தொடர்பை விரிவாக ஆராய்ந்த ஸ்ரீவன் ஃபெல்ட் 1996இல் வெளியிட்ட கட்டுரையில், இது பற்றித் தாம் வினவியபோது, ஒத்த வரலாற்றையுடைய சகோதரர்களுக்கிடையிலான விடயம் இது என்னும் பொருள்பட ஹான்கொக் விடையளித்தார் எனக் குறிப்பிடுகின்றார். 1994இல் மடோனாவின் ‘சாங்ச்சுவரி’ என்ற பாடலில் இந்த 1973ஆம் ஆண்டுப் பதிவின் பகுதி எடுத்தாளப்பட்டது. பாடலை ஆக்கியோருள் ஒருவராக ஹான்கொக்கின் பெயர் அங்கு இடம்பெற்றது. பபென்ஸெலே மக்களின் பெயர் இடம்பெறவில்லை.

இதனைக் களவு என்று கூறி முடித்துவிடுதல் எளிது. நாம் அவ்வாறு கூறோம். சமர்ஸ் பதிவை வெட்டி ஒட்டவில்லை. தம் மூச்சினால் அக்கோலத்தை மீள ஆக்கினார். பிறர் இசையைக் கேட்டுப் பயின்று தமதாக்குதல் எல்லா இசைமரபுகளிலும் உள்ளதே. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழிவந்தவர்கள் தாம் இழந்த கண்டத்தை நோக்கிச் செவிசாய்த்தமையில் ஆழ்ந்த உணர்ச்சி உண்டு என்பதையும் மறுத்தற்கில்லை. ஐரோப்பியர் ஒருவர் அதனைச் செய்வதும் இவர்கள் செய்வதும் ஒன்றாகா.

ஆயினும், சகோதரத்துவம் இருபக்க உறவு. ஒரு பக்கத்தார் மட்டும் அதனை அறிவித்துக்கொள்ளும்போது மறுபக்கத்தாரிடம் எவரும் கேட்கவில்லை என்பதே பொருளாகும். பதிப்புரிமைச் சட்டம் பெயருடைய ஆக்கியோனை அறியும். தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் வளர்த்த கலையை அது அறியாது. ஆகவே ஒலி ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் செல்லுந்தோறும் பணமும் புகழும் பெயருடையாரிடம் சேர்கின்றன. பெயரற்றோர் மூச்சை மட்டும் வழங்கிவிட்டு மறைகின்றனர். இதில் தனிமனிதர் ஒருவரின் தீயநோக்கைத் தேடவேண்டியதில்லை. அமைப்பே அவ்வாறு இயங்குகின்றது. அதனாலேயே அது பாரதூரமானது.

இவற்றால் ‘ஹெட் ஹண்டர்ஸ்’ தன் சிறப்பை இழந்துவிடுவதில்லை. 2007ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்கத் தேசிய ஒலிப்பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டமை தகுதியானதே. நாமும் அதனைப் பலமுறை விரும்பிக் கேட்டவர்களே. ஹிண்டெவூவின் வரலாற்றை அறிந்தபின் கேட்டபோதும் அவ்விருப்பம் குறையவில்லை. ஆனால் அந்தப் போத்தலின் ஒலி முன்போல வெறும் விநோதமாக ஒலிக்கவில்லை. அதற்குப் பின்னால் ஆட்களும் காடும் இருப்பது செவிக்குப் புலனாயிற்று. விமர்சனம் கேட்போருக்குச் செய்யக்கூடிய உதவி இதுவே என்று கருதுகின்றோம். இரசனையைக் கைவிடுமாறு அது பணிக்கவேண்டியதில்லை. இரசனைக்கு எட்டாதிருந்தவற்றை எட்டச்செய்தால் அமையும்.

‘கேட்போர்’ என்பதற்குப் பாடங்கேட்கும் மாணாக்கர் என்றே நம் முன்னோர் பொருள்கொண்டனர். இங்கு நாம் அதனை விரித்தே ஆண்டுள்ளோம். இவ்விசைத்தட்டுக்கு இன்று ஒரு பாயிரம் எழுத நேரின், கேட்போர் என்ற பகுதியில் ஜாஸ் அறிஞரையும் கறுப்பின இளைஞரையும் இலண்டன் நடன விடுதியாரையும் எழுதிய பின்னர், தம் குழலோசை எங்கெங்கோ சென்று ஒலிப்பதைப் பற்றி அபிப்பிராயம் கேட்கப்படாத அம்மக்களையும் சேர்த்து எழுதவேண்டும். அவர்தம் அபிப்பிராயம் யாதென நாம் ஊகித்துரைத்தல் தகாது. அதனை அவர்களே கூறுதற்கு வழியிருத்தல் வேண்டும். அதுவரை, இப்படைப்பைப் பற்றிக் கூறப்பட்ட அபிப்பிராயங்கள் யாவும், எம்முடையது உட்பட, முற்றுப்பெறாதனவே.